முந்திரிக்காட்டு மேடையில் யோப்

1

நம்மூரில் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த நெதர்லாந்து நாட்டில் புருஷனுக்கு என்ன வியாதி என்று பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். என் கணவர் யோப் அதற்கு முந்தின வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போய்விட்டு வந்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ரத்தமெல்லாம் நன்றாக இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு எது பொய் என்று தெரியாதா என்ன?

போனை எடுத்த பெண் தேனாகப் பேசினாள். யோப்பின் பிறந்த தேதியைக் கேட்டாள், சொன்னேன். வீட்டு முகவரியைக் கேட்டாள், சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மன்னிக்க வேண்டும், இதை நான் உங்களிடம் பேச முடியாது. அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள்.

"அவர் சொல்லமாட்டேன் என்கிறாரே, அதனால்தானே உன்னைக் கேட்கிறேன்!"

"அது அவருடைய விருப்பம் இல்லையா, அம்மா?"

கோபம் வந்தால் எனக்கு டச்சு மொழியில் மரியாதை கழன்றுவிடும். 'நீங்கள்' வரவேண்டிய இடத்தில் 'நீ' வந்து விழும். அன்றைக்கும் விழுந்தது. அவள் அப்போதும் தேனாகவே, இந்த நாள் எனக்கு இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தாள். அட போடி!

மகன் மாறனைக் கூப்பிட்டேன். ராட்டர்டாமில் இருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். பெற்றவர்கள் வீட்டுக்கு வருவதற்கும் முன்கூட்டியே நேரம் கேட்டுச் செய்தி அனுப்புவான். அவனும் அதே பாட்டைத்தான் பாடினான். "அது அப்பாவின் சொந்த விஷயம். அவருக்குத் தோன்றும்போது சொல்வார். நீ நெருக்காதே." டச்சில்தான் சொன்னான். சின்ன வயதில் இவனைத் தமிழ் பேச வைத்தேன், தமிழில் கோபப்பட வைக்க என்னால் முடியவில்லை. அம்மா அழுகிறாளே, இதோ கிளம்பி வருகிறேன் என்று ஒரு வார்த்தை வரவேண்டாமா? வராது. நல்ல பிள்ளைதான், ஆனால் இந்த ஊர் நல்ல பிள்ளை.

வியாதியின் பேர் எனக்கு முக்கியமில்லை. அதை நானே ஊகித்திருந்தேன். யோப் அதைத் தன் வாயால் என்னிடம் சொல்லவேண்டும். நினைவு இருக்கிறபோதே சொல்லவேண்டும். சொல்லாமலே என்னைவிட்டு எங்கேயாவது போய்விடுவாரோ, நான் பக்கத்தில் இருக்கும்போதே போய்விடுவாரோ என்பதுதான் என் பயம்.

2

யோப் ஒரு மேடை நடிகர். சினிமாவில் வந்ததில்லை, டி.வி.யில் வந்ததில்லை. தெருவில் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள்.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரி. விவசாயம் படித்து, மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து இங்கே வந்தேன். பிறகு ஒரு விதைக் கம்பெனியில் வேலை, அப்படியே தங்கிவிட்டேன். வந்த புதிதில் மொழி வகுப்பு டீச்சர், "நாடகம் பாருங்கள், காது பழகும்" என்றார். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மண்ணும் புரியவில்லை. மேடையில் ஒரு பணக்கார வீடு. எல்லோரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். வாசலில் ஒரு தபால்காரர் கையில் பார்சலோடு நிற்கிறார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றுகிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறார். கொடுத்துவிட்டுப் போவதா, கூப்பிடும்வரை நிற்பதா என்று அவர் படுகிற பாட்டை விட்டு என் கண் நகரவில்லை. இந்த நாட்டின் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் அப்போது நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளி மண்டபத்துக்கு வந்து, பார்க்க வந்தவர்களோடு நின்று பீர் குடிப்பார்கள். அந்தத் தபால்காரரும் வந்தார். தனியாக நின்ற என்னிடம், "நாடகம் புரிந்ததா?" என்று கேட்டார்.

"நீங்கள் மட்டும் புரிந்தீர்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில்.

"எனக்கு வசனமே இல்லையே!"

"அதனால்தான்."

சிரித்தார் பாருங்கள், கையிலிருந்த பீர் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டது. நான் விழுந்ததும் அந்தச் சிரிப்பில்தான்.

அவர் பிறந்தது வடக்கே ஒரு கடலோர ஊர். அப்பா தீவுக்குப் போகிற படகை ஓட்டியவர், கண்டிப்பான கிறிஸ்தவச் சபைக்காரர். நாடகம் பார்ப்பதே பாவம் என்கிற கூட்டம். மகன் நடிப்புப் பள்ளியில் சேர்ந்ததைப் பற்றி அவர் நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை மகன் நடிக்கிற ஊருக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மகனை ஏற்றிக்கொண்டு, "நிறையப் பேர் வந்தார்களா?" என்று கேட்டாராம். "வந்தார்கள்" என்றாராம் இவர். அவ்வளவுதான் பேச்சு. பெரிய விருது வாங்கிய கதையைப் போல யோப் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நாற்பது வருஷம் ஒரு சின்னக் குழுவோடு வேனில் ஊர் ஊராகப் போய் நடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கே சூப்பும் ரொட்டியும். பிறகு தட்டி, நாற்காலி, கதவு எல்லாவற்றையும் அவர்களே இறக்கி மேடையில் பூட்டவேண்டும். டாக்டர், நீதிபதி, குடிகாரச் சித்தப்பா, தோட்டக்காரர் என்று வேஷம் கட்டியிருக்கிறார். கதாநாயகன் மட்டும் கடைசிவரை இல்லை. பத்திரிகையில் நாடகத்தைப் பற்றி வந்தால் அவர் பேர் கடைசி வரியில் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. எனக்கு ஆத்திரமாக வரும். அவர் அந்தப் பேப்பரையே விரித்து உருளைக்கிழங்குத் தோல் சீவுவார்.

மேடை ஏறுமுன் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் மூன்று தடவை துப்புவதுபோல் பாவனை செய்துகொள்வார்கள். நாம் த்தூ த்தூ என்று திருஷ்டி கழிப்போமே, அதேதான். முதன்முதலில் பார்த்தபோது, அட நம்ம ஆட்கள் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

3

கல்யாணச் சேதியை ஊருக்குச் சொன்ன கதை தனி. அண்ணன் முத்தையாதான் போனை எடுத்தார்.

"நடிகர்னா சினிமாவாம்மா, சீரியலா?"

"ரெண்டும் இல்லண்ணே. மேடை நாடகம்."



"நாடகமா? நம்ம கோயில் திருவிழாவுக்கு வருவாங்களே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரின்னே வச்சுக்கங்க."

"ராஜபார்ட்டா?"

"இல்லண்ணே. தபால்காரர்."

"ஏம்மா, நம்ம நாடகத்துல தபால்காரருக்கு எங்கிட்டும்மா எடம் இருக்கு?"

ஆத்தா பத்து நாள் பேசவில்லை. பிறகு நாங்கள் ஊருக்குப் போனபோது, யோப் வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஆத்தாவுக்கு மனசு இளகிவிட்டது. ஊரில் அவர் யோபு மாப்பிள்ளை ஆனார்.

நம்ம பக்கத்து நாடகத்தைப் பற்றி ஒரு மழைநாளில் அவருக்குச் சொன்னேன். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து. அவரவர் பஸ்ஸைப் பிடித்து அவரவர் வந்து சேர்வார்கள். மேக்கப் போடுகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படியே மேடை ஏறி விடியவிடியப் பாட்டும் தர்க்கமுமாகப் போகும்.

"ஒத்திகை?" என்றார் யோப்.

"கிடையாது."

"வசனம்?"

"கதை ஊருக்கே தெரியும். பேச்சு அங்கே நின்றால் வந்துவிடும்."

"பொய் சொல்கிறாய்" என்றார். அவர் குழுவில் எழுந்து நின்று பேசுவதற்கு முன்னாலேயே வாரக்கணக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். வீட்டில் நான் தோசை ஊற்றிக்கொண்டே எதிராளி வசனத்தைச் சொல்வேன், அவர் தன் வசனத்தைச் சொல்வார். அப்படி அவர் நடித்த எல்லா நாடகமும் எனக்கும் மனப்பாடம்.

அப்புறமும் நாலைந்து நாள், பல் தேய்க்கும்போதும் படுக்கப் போகும்போதும், "நிஜமாகவே ஒத்திகை கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

4

இதை எழுதும்போது யோப் கீழே தோட்டத்தில் பட்டாணி பறித்துக்கொண்டிருக்கிறார். பறித்ததைக் கிண்ணத்தில் போடுகிறார், கிண்ணத்தை எடுத்துப் பார்க்கிறார், மறுபடி குனிகிறார். இங்கே கோடையில் சாயங்காலம் முடியவே முடியாது. வெளிச்சம் போவேனா என்று நின்றுகொண்டே இருக்கும். இந்த வெளிச்சத்தில் எது இன்று, எது நேற்று என்று எனக்கே சில சமயம் கலங்கிவிடுகிறது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு சின்ன ஊரில் அவருக்கு நாடகம். குடும்ப டாக்டர் வேஷம். வீட்டுக்கு வந்து, நோயாளியைப் பார்த்து, நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "சன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும்" என்றார். சரியான வசனம். கூட நடித்த பெண் பதில் சொன்னாள். அவர் மறுபடியும், "சன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும்" என்றார். அவள் கெட்டிக்காரி, சமாளித்தாள். மறுபடியும் அதையே சொன்னார். அடுத்தது என் நாக்கில் இருக்கிறது! 'நாளை காலை வருகிறேன்', அவ்வளவுதான். கத்திச் சொல்லிவிடலாமா என்று எழுந்தேவிட்டேன், பக்கத்து ஆள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. நம்மூராக இருந்தால் எவனாவது விசிலடித்திருப்பான், ஆர்மோனியப் பெட்டிக்காரர் பாட்டை எடுத்துவிட்டிருப்பார். இங்கே மரியாதையாக மௌனமாக இருந்தார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்கவே முடியவில்லை.

முடிந்ததும் இயக்குநர் யோப்பைக் கட்டிக்கொண்டார். பூங்கொத்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. காரில் வீடு வரும்வரை யோப் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, ரத்தம் நன்றாக இருக்கிறது என்கிற கதை எல்லாம். காலையில் நான் காப்பி கொண்டுபோய் வைத்தால் முகத்தைப் பார்ப்பார், பேசமாட்டார். காப்பி ஆறுகிறவரை பேசமாட்டார். என்ன கோபம் என் மேல் என்று கேட்டால் தலையை ஆட்டுவார். நானும் மனுஷிதானே? எனக்கும் வீம்பு வந்து பேசாமல் இருந்தேன். இரண்டு பேர் ஒரு வீட்டில் பேசாமல் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே பனி. உள்ளே ஸ்பூன் சத்தம்.

போதும் என்று பங்குனியில் ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

5

பங்குனியில் எங்கள் ஊர்க் காற்றே வேறு. முந்திரிப்பழம் பழுத்து விழுந்து, அந்தப் புளித்த இனிப்பு வாசனை வீட்டுக்குள், துணிக்குள், தலைமுடிக்குள் எல்லாம் ஏறிவிடும். யோப் மத்தியானம் முழுக்க முந்திரித் தோப்பில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிடந்தார். அரைத் தூக்கத்தில் எதையோ முணுமுணுப்பார். எந்த நாடகத்து வசனம் என்று பக்கத்தில் போய்க் காதுகொடுப்பேன், ஒன்றும் பிடிபடாது. அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. யோப் தானாகச் சொல்லாததை நான் எப்படி ஊருக்குச் சொல்வது?

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, டீக்கடைக்குப் போனோம். பஸ் நிறுத்தத்துச் சுவரில் அம்மன் கோயில் திருவிழா நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பெட்டி, மிருதங்கம் என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொருவர் பேருக்கு முன்னாலும் ஒரு முழ நீளத்துக்குப் பட்டம். எல்லோருக்கும் மேலே, வட்டத்துக்குள், நான் எப்போதோ அண்ணனுக்கு அனுப்பிய படத்தில், சைக்கிள் ஹெல்மெட் போட்ட யோப்!

'நெதர்லாந்து நாட்டு நாடகச் சக்கரவர்த்தி, நாற்பதாண்டு காலம் மேடை கண்ட ராஜபார்ட், நமதூர் மாப்பிள்ளை யோபு அவர்கள் சிறப்புத் தோற்றம்' என்று போட்டிருந்தது.

நேராக அண்ணனிடம் போய்க் கத்தினேன். அவர் விழாக் கமிட்டியில் இருக்கிறார்.

"யாரைக் கேட்டுண்ணே போட்டீங்க?"

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? நடிகரு ஊர்ல இருக்காரு, நாடகம் நடக்குது. ஏத்தலைன்னா அவருக்குல்ல அவமானம்?"

"அவருக்குத் தமிழ் தெரியுமா? ஒரு வார்த்தை பேசத் தெரியுமா?"

"அட, மாப்ள சும்மா வந்து நின்னாப் போதும். பபூன் செல்வராசு பாத்துக்கிருவான். கந்தர்வக்கோட்டை வரைக்கும் ஒட்டியாச்சு, இனிமே போய்க் கிழிக்கவா முடியும்?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எங்கள் ஊருக்கு நடிகர் என்றால் நடிகர்தான். தாசில்தார் வந்தால் நாற்காலி போடுவதுபோல, நடிகர் வந்தால் மேடை ஏற்றுவார்கள்.

நான் திரும்பி வந்தபோதும் யோப் அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சக்கரவர்த்தி என்றதும் உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

"ஒத்திகை எப்போது?"

"உங்களுக்குத்தான் தெரியுமே. கிடையாது."

கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்தார். "அப்படியானால் நான் மறந்துபோனால் யாருக்குத் தெரியும்?"

மறதியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். பிடித்துக்கொண்டு கேட்டால் மூடிக்கொள்வார் என்று தெரியும்.

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

"சரி" என்றார். டீயை வாங்கிக் குடித்தார்.

6

வெள்ளைக்காரரை முதலிலேயே ஏற்றினால் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும் என்று கமிட்டி கணக்குப் போட்டது. அதனால் விடிகாலையில், நாடகம் முடிகிற நேரத்துக்கு வைத்துவிட்டார்கள். நாங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து, சேவல் கூவுகிற நேரத்துக்குக் கிளம்பிப் போனோம்.

பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் மேக்கப் அறை. பெஞ்சில் கிரீடம், கரும்பலகைக்குக் கீழே சவரிமுடி. யோப் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். பவுடரும் வேர்வையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்போல. அவர் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

மேக்கப்காரர் ரோஸ் பவுடரைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். "ஏம்மா, இவரு ஏற்கனவே ரோஸாத்தானே இருக்காரு, நான் எதைப் பூச?" கடைசியில் மீசை மட்டும் வரைந்துவிட்டார்.

பபூன் செல்வராசு வந்து கையைக் கொடுத்தான். கொட்டாவியை அடக்கிக்கொண்டே, "மச்சான், நீங்க என்னத்தையாச்சும் பேசுங்க. நிறுத்தினா நான் பிடிச்சுக்கிருவேன்" என்றான். நான் டச்சில் சொன்னேன். யோப் அவன் தோளுக்கு மேல் மூன்று தடவை துப்புவதுபோல் செய்தார். செல்வராசு ஒரு நொடி யோசித்தான். பிறகு அவனும் யோப்பின் முகத்துக்கு நேரே கையைச் சுற்றி நெட்டி முறித்தான்.

நான் போய்ப் பெண்கள் பக்கம் வேப்பமரத்தடியில் அண்ணன் மனைவி, என் மதினி, விரித்திருந்த பாயில் உட்கார்ந்தேன். பாதிப் பேர் சேலையைத் தலைவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். வானம் சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. தோப்புப் பக்கமிருந்து லேசாகப் பனி, அதோடு முந்திரிப்பழ வாசனை. டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தன. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாத ஒரு நேரம்.

"வந்துட்டாருய்யா நம்ம மாப்ள!" என்று செல்வராசு மைக்கில் கத்தினான். தூங்கினவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

7

யோப் வந்து மைக் முன்னால் நின்றார். வேட்டி, ஜிப்பா, வரைந்த மீசை. செல்வராசு, "மச்சான், எங்க அக்காவக் கட்டிக்கிட்டுப் போயி எம்புட்டு வருசமாச்சு, கண்கலங்காம வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். ஜனம் சிரித்தது. யோப் நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். எதற்கு இவரை ஏற்றவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு டச்சில் ஆரம்பித்தார்.

"விளக்கு கண்ணில் அடிக்கிறது. நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியவில்லை. அதனால் பேச முடியும் என்று நினைக்கிறேன்."

எந்த நாடகம் என்று தேடினேன். அவர் வசனம் எல்லாம் எனக்குத் தெரியும். இது எதிலும் இல்லை.

"ஆஸ்பத்திரியில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டேன். நல்ல வட்டம். உள்ளே என்ன போடவேண்டும் என்று தெரியவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவே இல்லை. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்."

மூச்சு வாங்க நிறுத்தினார். நிறுத்தினால் பெட்டிக்காரருக்குக் கை சும்மா இருக்காது. ஆர்மோனியத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டியது. செல்வராசு பாய்ந்து முன்னால் வந்தான்.

"மச்சான் என்ன சொல்றாருன்னா, எங்க ஊரு ஐஸ்பெட்டியா இருக்கு, ஒங்க ஊரு அடுப்பா இருக்கு, இருந்தாலும் பொண்டாட்டி ஊர விட்டுப் போக மனசு வரலையேங்கிறாரு!"

விசில் பறந்தது. யோப் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். அடங்குகிற நொடியில் சரியாக அடுத்த வார்த்தையை எடுத்தார். அந்தத் தொழில் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

"ரத்தம் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யில்லை, ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சத்தைச் சொல்லவில்லை. வீட்டில் வைத்து எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்னதில்லை. இங்கே யாருக்கும் புரியாது, உனக்கு மட்டும் புரியும். அதனால் சொல்கிறேன். எனக்கு எல்லாம் மறந்துகொண்டு வருகிறது. இது நிற்காதாம்."

ஆர்மோனியம் மறுபடி இழுத்தது. செல்வராசு, "மீன்கொழம்புல புளி சாஸ்தியாம்!" என்றான். மதினி என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதே சமயம் கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. இப்படியும் ஒரு நேரம் மனுஷிக்கு வருமா என்று இருந்தது.

"காலையில் நீ காப்பி கொண்டுவரும்போது, நீ என் ஆள் என்று தெரிகிறது. பேர் வரத்தான் நேரமாகிறது. பேர் வருகிறவரை பேசாமல் இருக்கிறேன். நான் கோபமாக இருப்பதாக நீ நினைக்கிறாய். கோபமில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் தேடிக்கொண்டுதான் நிற்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பேசியும் அவர் என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

செல்வராசு வாயைத் திறந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். அழுகிறவளைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். கேலியை நிறுத்தி, மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, ஒயரை இழுத்துப் போட்டு என் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"அக்கா, நெசமா மச்சான் என்ன சொல்றாரு? நீங்களே சொல்லிருங்க."

ஊரே என்னைப் பார்த்தது. ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டச்சில் அவரிடம்தான் சொன்னேன்.

"நான் இங்கே இருக்கிறேன். உங்களுக்கு இடது பக்கம். மரத்தடியில், சிவப்புச் சேலை. அவசரம் இல்லை, மெல்லத் தேடுங்கள்."

யோப் கையை நெற்றியில் வைத்து விளக்கை மறைத்துக்கொண்டு பார்த்தார். பாய் பாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மரத்தைக் கண்டுபிடித்தார். சேலையைக் கண்டுபிடித்தார். என் முகத்தில் வந்து நின்றார். பெட்டிக்காரர் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி இருந்தார். கிழக்கே வெளுத்துவிட்டது. எங்கோ மாடு கத்தியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"அமுதா" என்றார்.

மரத்து உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரெல்லாம் அதைச் சொல்லின. தோப்புக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். எங்கள் ஊரில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டியை மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெண்கள் பக்கமே ஓவென்று கத்தியது. மதினி என் தொடையைக் கிள்ளினாள்.

"அடியே, ஒம் பேரயில்ல சொல்றாரு!"

"ஆமா மதினி, எம் பேருதான்" என்றேன்.